எல்வா திறந்த மதகு

எல்வா நோஸ்கேவுக்கு நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றுபோனதற்கு முர்ரே ஆறுதான் காரணம். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஆற்றை விட்டு நாற்பது மைல் உள்ளே, வறண்ட மேட்டில் கோதுமை போடும் ஒருவன் மோதிரம் போட்டிருந்தான். நல்ல பையன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கு வருகிறவன், குடி கிடையாது. அவன் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பாவோடு போனவள், சமையலறை ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் மண்ணும் வேலிக் கம்பியும்தான். "இங்கேருந்து பாத்தா தண்ணி எங்க தெரியும்?" என்று கேட்டாள். அவன் பாவம், கூரைத் தண்ணீர் சேரும் தகரத் தொட்டியைக் கை காட்டினான். அடுத்த வாரமே மோதிரம் தபாலில் திரும்பிப் போய்விட்டது.

முப்பத்தைந்து வருஷமாக எங்கள் ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். எல்வாவும் சேர்ந்துதான் சிரிப்பாள். "ஆளு நல்லவன்தான், தொட்டிதான் சின்னது" என்பாள்.

அவள் பிறந்த வீடு மேட்டில் இருக்கிறது. அதற்குக் கீழே ஆற்றங்கரை வரைக்கும் பரந்து கிடக்கும் மேய்ச்சல் வயல்கள் ஆற்றைவிடத் தாழ்ந்தவை. ஒரு காலத்தில் எல்லாம் நாணல் சதுப்பு. நூறு வருஷத்துக்கு முன்னால் கரை எழுப்பி, ஆற்றை வெளியே நிறுத்தி, மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள். அதனால் எங்கள் பக்கத்துப் பால் பண்ணைக்காரர்கள் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போட்டதில்லை. கரையில் இருக்கும் மதகின் சக்கரத்தை நாலு சுற்று சுற்றினால் போதும், ஆறு தானாக இறங்கி வாய்க்காலில் ஓடிப் பாத்தி பாத்தியாகப் பரவிவிடும். தண்ணீர் வராமல் போகும் என்று யாரும் கனவில்கூட நினைத்ததில்லை. கரையை உடைத்துக்கொண்டு வந்துவிடுமோ என்றுதான் எங்கள் அப்பாக்கள் பயந்தார்கள்.

அப்பா போன பிறகு பண்ணை எல்வாவுக்கும் அவளுடைய தம்பி லிண்ட்ஸேவுக்கும் வந்தது. லிண்ட்ஸேவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் விஷயத்தில் ஆற்றைக் குறை சொல்ல முடியாது, வெறும் கூச்சம்தான் காரணம். மாடும் மதகும் அக்காவுக்கு, மெஷினும் காகிதமும் தம்பிக்கு என்று இருவரும் பேசாமலே பிரித்துக்கொண்டார்கள். மொத்தம் அறுபத்திரண்டு கறவை. சர்ச் மகளிர் சங்கத்துப் பெண்களின் பெயர்களைத்தான் எல்வா மாடுகளுக்கு வைப்பாள். வெரா, மிர்ட்டில், அயோனி, ஹில்டா. சங்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். "என் பேர்ல இருக்கறவ இன்னிக்கு எவ்வளவு கறந்தா?" என்று சிலர் விசாரிப்பதும் உண்டு. ஹில்டா அம்மாள் மட்டும் மூன்று வருஷம் எல்வாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாட்டு ஹில்டா மந்தைக்கே தலைவி, பிடிவாதக்காரி, தனக்கு முன்னால் எவள் நடந்தாலும் முட்டித் தள்ளுவாள். பெயர் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அப்புறம் ஆறு இறங்கத் தொடங்கியது. மேலே மழை பொய்த்தது. இருந்த கொஞ்சநஞ்சத்தையும் நெல்லுக்கு, பருத்திக்கு, திராட்சைக்கு என்று வழியெல்லாம் ஆளாளுக்கு மொண்டுகொண்டார்கள். எல்லாரும் எடுத்தது போக மிஞ்சியதுதான் கடைமடைக்கு. நாங்கள் கூட்டம் போட்டுக் கத்தினால், நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வரைபடச் சுருளோடு வந்து, நிலைமையைக் கவனித்து வருகிறோம் என்று சொல்லி, எங்கள் வீட்டுப் பெண்கள் சுட்ட கேக்கை இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போவார். கேக் நன்றாக இருந்தது என்று ஒருவர் கடிதம்கூட எழுதினார். தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

முதல் வருஷம் படகுத்துறையின் மரக்கால்கள் வெளியே தெரிந்தன. இரண்டாம் வருஷம் படகுகளே சேற்றில் சாய்ந்து கிடந்தன. அந்த வருஷக் கடைசியில் ஆற்று மட்டம் மதகு வாசலுக்கும் கீழே போய்விட்டது. எல்வா சக்கரத்தைச் சுற்றினாள். கதவு எழும்பியது, உள்ளே எதுவும் வரவில்லை. நூறு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. அவள் கதவை மறுபடி இறக்கிவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு.

எங்கள் சதுப்பு மண் கறுப்பு. ஈரம் இருக்கும்வரை மெத்தை மாதிரி இருக்கும், காய்ந்தால் பாளம் பாளமாகப் பிளக்கும். ஆள் இடுப்பளவு இறங்கும் வெடிப்புகள் விழுந்தன. எங்களுக்கு ஜனவரிதான் நடுக்கோடை. அப்போது ஒரு கிடாரி வெடிப்பில் முன்னங்காலை விட்டு ஒடித்துக்கொண்டது. லிண்ட்ஸே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் வந்தான். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை. அந்தக் கரையோரம் இருந்த பதினோரு பண்ணைகளில் எட்டு அதற்குள் மாட்டை விற்றுவிட்டன.

எல்வா விற்காததற்குக் காரணம் காற்று. எங்கள் ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு. அது கீழே ஒரு பெரிய ஏரியில் போய் விழுந்து, அதன் பிறகுதான் கடலைப் பார்க்கும். தெற்கிலிருந்து பலமாகக் காற்றடித்தால் ஏரித் தண்ணீர் ஆற்றுக்குள் பின்னோக்கித் தள்ளப்பட்டு, எங்கள் மதகடியில் ஒரு சாண், சில நாள் ஒன்றரைச் சாண்கூட மட்டம் ஏறும். காற்று நின்றதும் இறங்கிவிடும். தென்காற்று என்றதும் தென்றலை நினைத்துவிட வேண்டாம். எங்களுக்குத் தெற்கே பனிக்கண்டம்தான் இருக்கிறது, அந்தக் காற்று காது மடலை அறுக்கும். ஆறு நிறைந்து ஓடிய காலத்தில் இந்த ஏற்ற இறக்கத்தை யாரும் லட்சியம் செய்ததில்லை. இப்போது மதகு வாசலுக்கும் ஆற்று மட்டத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் குறை. ஒரு நல்ல தென்காற்று, அரை நாள் பாய்ச்சல், அது கிடைத்தால் குளோவர் புல் தலையெடுக்கும், குளிர்கால மழை வரைக்கும் மந்தையை ஓட்டிவிடலாம். இதுதான் எல்வாவின் கணக்கு.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஏரியிலும் தண்ணீர் வற்றி, கடல் உப்பு உள்ளே கசிய ஆரம்பித்திருந்தது. காற்று தள்ளிக்கொண்டு வரும்போது முன்னால் வருவது ஆற்றுத் தண்ணீர், பின்னால் வருவது ஏரித் தண்ணீர். எந்த நிமிஷம் மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காக லிண்ட்ஸே உப்பு பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கினான். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். ரெண்டாயிரத்தைத் தாண்டினால் மதகை மூடிவிட வேண்டும், அதற்கு மேல் குளோவர் தாங்காது என்று சாக்பீஸால் கொட்டகைக் கதவில் எழுதியும் வைத்தான்.

பிப்ரவரியில் மாட்டு ஏஜெண்ட் பிரெண்டன் வந்தான். சமையலறை மேஜையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"பக்கத்து மாநிலத்துல, விக்டோரியாப் பக்கம் ஒருத்தர் இருக்கார். அங்க மழை நல்லா பெய்யுது, புல்லு இடுப்பு உசரம். மொத்த மந்தையையும் எடுத்துக்கறேங்கறார். கிழடுங்களையும் சேர்த்து. கறவைக்குத்தான், வெட்டுக்கு இல்ல. இப்படி ஒரு ஆளு இனிமே கிடைக்க மாட்டார், எல்வா."

"எப்போ சொல்லணும்?"

"அடுத்த வெள்ளிக்கெழம."

"காத்து வந்ததும் சொல்றேன்."

பிரெண்டன் லிண்ட்ஸேவைப் பார்த்தான். "என்னப்பா காத்து?"

"கேக்காத," என்றான் லிண்ட்ஸே. "வானிலை இலாகா எங்க வீட்டுல தனியா ஒரு கிளை தொறந்திருக்கு. இவதான் டைரக்டர்."

பிரெண்டன் போன பிறகு தம்பி அக்காவின் எதிரில் உட்கார்ந்தான்.

"ஹில்டாவுக்குப் பன்னெண்டு வயசாச்சு. அவளக் கறவைக்குன்னு எடுத்துக்க இன்னொரு கிறுக்கன் பொறந்துதான் வரணும். குடுத்துடு எல்வா."

"வேணும்னா நீயும் அவங்களோட போ. புல்லு இடுப்பு உசரமாமே."

"வெளையாடாத. நம்மகிட்ட இருந்தா அதுங்க சாகும். அங்க போனா பொழைக்கும்."

அவன் சொன்னது சரிதான் என்று எல்வாவுக்கும் தெரியும். ஆனால் காலையில் எழுந்து கறக்க மாடு இல்லாத நாளை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ஒரு தண்ணி, லிண்ட்ஸே. ஒரே ஒரு தண்ணி. வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேன். காத்து வரலேன்னா நானே போன் பண்ணிக் குடுத்துடறேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். லிண்ட்ஸே ஒத்துக்கொண்டான்.

சனி முதல் புதன் வரை வடகாற்று. அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி ஒரு வெக்கை. வடகாற்று ஆற்றை இன்னும் கீழே தள்ளும். எல்வா மதகடியில் ஒரு குச்சியை நட்டு அளவு பார்த்துக்கொண்டே இருந்தாள். செவ்வாய்க்கிழமை பால் ஏற்ற வந்த டாங்கர் டிரைவர் கிம்முக்கு எப்போதும்போல் டீ கொடுத்தாள். மழைத்தொட்டி காய்ந்து மாதக்கணக்காகி, வீட்டுக்கும் மாட்டுக்கும் ஒரு சின்ன பம்பு ஏற்றும் ஆற்றுத் தண்ணீர்தான் குழாயில் வந்துகொண்டிருந்தது. கிம் மலைப்பக்கத்துக்காரன், நல்ல தண்ணீர் குடிக்கிறவன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இதுல சர்க்கரைய ஏன் வீணாக்கறீங்க? மிளகு தூவுங்க, சூப்பாயிடும்."

எல்வா தன் கோப்பையிலிருந்து ஒரு மடக்கு குடித்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள். உப்பு மெல்ல மெல்ல ஏறியதால் அவள் நாக்கு அதற்குப் பழகிவிட்டிருந்தது.

வியாழக்கிழமை காலை ரேடியோவில் சொன்னார்கள், சாயங்காலம் தெற்கிலிருந்து பலத்த காற்று வரும் என்று. அன்றைக்குத்தான் டவுனில் பாசனக்காரர்களின் மீட்டர்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறார்கள். லிண்ட்ஸே எதையும் சந்தேகப்படுகிறவன். சரிபார்க்காத மீட்டரை நம்பி மதகைத் திறக்க அவனுக்கு மனசில்லை.

"காத்து வர்றதுக்குள்ள வந்துருவேன். மீட்டர் இல்லாம மதகுல கைய வெக்காத."

"சரிங்க வாத்தியாரே."

பதினொன்றரை மணிக்கே காற்று திரும்பிவிட்டது. எல்வா கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வடக்குப் பக்கக் கதவு படீரென்று சாத்திக்கொண்டது, தெற்குப் பக்கக் கதவு திறந்துகொண்டு ஆடியது. வெளியே ஓடினாள். தூசி அடங்கி, வானம் ஒரே நிமிஷத்தில் நிறம் மாறி, ஆறு முழுக்கச் சின்னச் சின்ன அலைகள் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தன. ஐம்பத்தெட்டு வயதுக்காரி கரைமேட்டில் சின்னப் பெண் மாதிரி ஏறினாள். குச்சியில் தண்ணீர் விரல் விரலாக ஏறிக்கொண்டிருந்தது. லிண்ட்ஸேவுக்குப் போன் செய்தாள். அவன் போன் எப்போதும்போல் வண்டிக்குள் அணைந்து கிடந்தது.

பன்னிரண்டே கால் மணிக்கு ஆறு மதகு வாசலைத் தொட்டது. எல்வா குனிந்து கையால் மொண்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். வீட்டுக் குழாயில் வருகிற அதே தண்ணீர். சக்கரத்தைச் சுற்றினாள். முதலில் நுரை வந்தது, பிறகு தண்ணீர். மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த வாய்க்காலில் குப்பையைத் தள்ளிக்கொண்டு அது ஓடியது, கூடவே எல்வாவும் மண்வெட்டியோடு ஓடினாள். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும்போது களகளவென்று சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே முதல் பாத்தியை அடைத்து இரண்டாவதைத் திறந்தாள்.

மொத்தம் ஐந்து பாத்தி. நாலும் சின்னவை. ஐந்தாவது பெரிய பாத்தி, பண்ணையில் பாதி அதுதான். வெடிப்பு குறைவாக விழுந்த, குளோவர் இன்னும் உயிரோடு இருந்த ஒரே இடமும் அதுதான். வாய்க்கால் அதைத் தாண்டித்தான் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. நாலாவது பாத்தி நிறைந்தபோது மணி மூன்று. எல்வா பெரிய பாத்தியின் வாய்மடையருகே குனிந்து மறுபடி ஒரு கை மொண்டாள்.

நாக்கின் ஓரத்தில் என்னவோ சுருக்கென்றது.

துப்பினாள். இன்னொரு கை மொண்டாள். இந்தத் தடவை மெல்ல, வாயில் வைத்திருந்து பார்த்தாள். உப்புத்தான். மாதக்கணக்காகப் பழகிப்போன நாக்குக்கே உறைக்கிற உப்பு. மதகு முந்நூறு அடி தூரத்தில் இருந்தது. போய்ச் சக்கரத்தைச் சுற்றினால் ஐந்து நிமிஷத்தில் மூடிவிடலாம். மூடினால் நாலு சின்னப் பாத்தி மிஞ்சும், அது அறுபத்திரண்டு வாய்க்கு இரண்டு வாரம்கூடத் தாங்காது, நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவள் காற்றைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். உதட்டில் வியர்வை இருக்கும், அதன் உப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அப்படி இல்லை என்று அவளுக்குத் தெரியும். மண்வெட்டியால் பெரிய பாத்தியின் வாய்மடையை வெட்டிவிட்டாள்.

நாலரை மணிக்கு வயல் முழுக்கத் தண்ணீர் பளபளத்தது. வீட்டுக்குப் போய்ப் பிரெண்டனைக் கூப்பிட்டு, மந்தை விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் குரல் நன்றாகத்தான் இருந்தது.

ஐந்தரைக்கு லிண்ட்ஸே வந்தான். மேட்டிலிருந்து வயலைப் பார்த்ததும் வண்டியை நடுவழியிலேயே நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தான். அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை. "அடிப்பாவி, சாதிச்சுட்டியே," என்று சிரித்தபடி, புதிதாகச் சரிபார்த்த மீட்டரைப் பையிலிருந்து எடுத்து வாய்க்காலில் முக்கினான். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனதை எல்வா பார்த்துக்கொண்டே நின்றாள். நாலாயிரத்து அறுநூறு. பெரிய பாத்தியில் முக்கினான். அங்கேயும் அதே எண்.

"எப்ப மாறுச்சு?"

"தெரியல. நாக்குல வெச்சுப் பாத்துட்டேதான் இருந்தேன். எப்பவும் போலத்தான் இருந்துச்சு."

லிண்ட்ஸே மீட்டரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். "என் தப்பு," என்றான். "இன்னிக்குப் பாத்து இத எடுத்துட்டுப் போயிருக்கேன். உன் நாக்கு என்ன பண்ணும் பாவம்."

எல்வா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மதகை மூடப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லிண்ட்ஸே பிரெண்டனுக்குப் போன் செய்தான். விக்டோரியாக்காரர் முந்தின நாள் சாயங்காலமே வேறொரு மந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வடிகால் பம்பை மூன்று நாள் ஓட்டினார்கள். வயலில் நின்றதில் பாதிகூட வெளியே வரவில்லை, காய்ந்த மண் அவ்வளவையும் குடித்துவிட்டிருந்தது. பத்து நாளில் குளோவர் இலைகளின் விளிம்பு தீய்ந்தது. மூன்றாம் வாரம் பெரிய பாத்தி முழுக்க மாவு தூவின மாதிரி வெள்ளை படிந்தது. தொட்டியில் உப்புத் தண்ணீரைக் குடித்த மாடுகளுக்கு வயிறு போனது, பால் பாதியாகக் குறைந்தது. லாரியில் நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள், வைக்கோல் வாங்கிப் போட்டார்கள். மாடுகளின் விலா எலும்பை எண்ணிவிடலாம்போல் ஆனது. மார்ச் கடைசியில் பிரெண்டன் வேறு ஒருவரை அழைத்து வந்தான். அவர் பத்தொன்பது இளசுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார். மற்ற நாற்பத்து மூன்றையும் கறிக்குத்தான் எடுப்பார்கள் என்று சொல்லும்போது பிரெண்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

இத்தனை நாளும் லிண்ட்ஸே ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்களிடம் மட்டுமில்லை, கேட்காதவர்களிடமும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் டீ குடிக்கும்போது, "மீட்டர் என்கிட்ட இருந்துச்சு. காத்து வர்ற அன்னிக்கு எவனாவது மீட்டர எடுத்துட்டு டவுனுக்குப் போவானா? நான் போனேன்" என்பான். கூச்சக்காரன், நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன், இதை மட்டும் தயங்காமல் முழுசாகச் சொல்வான். ஜனங்கள் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். எல்வா பக்கத்தில் உட்கார்ந்து கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு வாரமும், இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்றுதான் வண்டியில் ஏறுவாள்.

ஒரு நாள் ஹில்டா அம்மாளே கேக் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பழைய கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"என் பேருகாரி எப்படி இருக்கா?"

"எளைச்சுட்டா," என்றாள் எல்வா.

"ம். நான்தான் எளைக்க மாட்டேங்கறேன்." கேக்கை மேஜையில் வைத்துவிட்டு எல்வாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பிய ஒண்ணும் திட்டாதம்மா. ஆம்பளைங்க அப்படித்தான், வேணுங்கற அன்னிக்கு வேணுங்கறது கையில இருக்காது. அவன் ரொம்ப நொந்து போயிருக்கான்."

"நான் திட்டல," என்றாள் எல்வா. கேக்கைத் தொடக்கூட அவளால் முடியவில்லை.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை காலை லாரி வந்தது. இரண்டு அடுக்கு லாரி. கடைசித் தடவையாகக் கறந்து முடித்து, மாடுகளைக் கொட்டகை முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். சாய்வுப் பலகையைக் கண்டதும் ஹில்டா நின்றுவிட்டாள். அவள் நின்றால் எல்லாம் நிற்கும். லாரிக்காரன் கை தட்டினான், அதட்டினான், பிறகு வண்டியிலிருந்து மாட்டுக்கு ஷாக் கொடுக்கும் கரண்ட் கோலை எடுத்தான்.

"அத உள்ள வை," என்றாள் எல்வா.

"அம்மா, எனக்கு மத்தியானத்துக்குள்ள போய்ச் சேரணும்."

"வைன்னு சொன்னேன்ல. நான் ஏத்தறேன்."

அவள் மாடுகளுக்கு முன்னால் போய், பலகையில் ஏறி, லாரிக்குள் நடந்தாள். தினமும் கறவைக்குக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள். "வாங்கடி... வாங்கடி பொண்ணுங்களா..." முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் குரலுக்குப் பின்னால் போனால் தீனி கிடைக்கும், மடிப்பாரம் குறையும், வேறு எதுவும் நடந்ததில்லை. ஹில்டா பலகையை முகர்ந்து பார்த்துவிட்டு ஏறினாள். பின்னால் வெரா, மிர்ட்டில், அயோனி என்று ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு அத்தனையும் ஏறின. ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. எல்வா முன் கோடியில் ஹில்டாவின் கழுத்துக்கும் லாரிச் சுவருக்கும் நடுவே நின்றாள்.

ஆள் வெளியேற முன்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. லிண்ட்ஸே அதை வெளியிலிருந்து திறந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"வா, எல்வா. எறங்கு." அவள் அசையவில்லை. "மீட்டர நான் எடுத்துட்டுப் போகாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"நாக்குல தெரிஞ்சுது," என்றாள் எல்வா.

"என்ன?"

"உப்பு. எனக்குத் தெரிஞ்சுது, லிண்ட்ஸே. நாலாவது முடிஞ்சதும். பெரிய பாத்தியத் தொறக்கறதுக்கு முன்னாடியே."

ஹில்டா அவள் தோளில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். லிண்ட்ஸே கதவுக் கம்பியைப் பிடித்தபடி நின்றான். பின்பக்கம் லாரிக்காரன் பலகையைத் தூக்கிப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் என் பக்கத்துலதானே உக்காந்திருந்த," என்றான் லிண்ட்ஸே.

அவன் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டை நோக்கி நடந்து போனான். எல்வா தானாகவே இறங்கினாள்.

இரண்டு வருஷம் கழித்து மேலே நல்ல மழை பெய்து, ஆறு திரும்பி வந்தது. மதகு வாசலுக்கு மேல் நாலு சாண். படகுகளெல்லாம் எழுந்து நின்றன, பெலிக்கன் பறவைகள் வந்தன, நகரத்திலிருந்து வந்த அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எல்வாவும் லிண்ட்ஸேவும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். மாடு வாங்கவில்லை, வயலை வைக்கோல்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். தம்பி அக்காவோடு பேசாமல் இல்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறான், மழையைப் பற்றிப் பேசுகிறான், அவளுக்கு முழங்கால் வலி வந்தால் தைலம் வாங்கி வருகிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு இருவரும் ஒரே வண்டியில்தான் வருகிறார்கள். உள்ளே வந்ததும் எல்வா வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் கைப்பையை வைக்காமல் காலியாக விடுகிறாள். லிண்ட்ஸே அதைத் தாண்டி, இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறான்.